பின்பக்கம் கூராக இருக்கும் நெட்டைக்கால் சிலந்தி, இது எந்த இனம்? (வெள்ளவத்தை)

கேட்டவர்: ஒழுங்கை வீடு

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். படிக்கட்டுக்குக் கீழே அரிசி வாளியும் பழைய பேப்பரும் வைக்கிற ஒரு இருட்டு இடுக்கு, அங்கேதான் இவை ஏழெட்டு தலைகீழாகத் தொங்குகின்றன. உடம்பு ஒரு நெல்மணி அளவு, கால் நூல் மாதிரி, விரித்தால் என் உள்ளங்கையை மூடிவிடும். வலையை விரல் நுனியால் தொட்டாலே போதும், கால் எல்லாம் நின்ற இடத்தில் நிற்க உடம்பை மட்டும் சுழற்றத் தொடங்கும், சுழற்றுகிற வேகத்தில் சிலந்தியே தெரியாது, மங்கலாக ஏதோ அதிர்கிற மாதிரித்தான் தெரியும்.

மகளுக்குத் தரம் 7இல், வீட்டில் வாழும் ஒரு உயிரினத்தைப் பார்த்து விவரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் இதைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். இணையத்தில் தேடினால் ஃபோல்கஸ் ஃபலாஞ்சியாய்டிஸ் என்று வருகிறது, ஆனால் அந்தப் படங்களில் வயிறு நீள உருளையாக இருக்கிறது, எங்களுடையது அப்படி இல்லை, பின்பக்கம் மேலே எழும்பிக் கூராக முடிகிறது. எந்த இனம் என்று யாராவது சொல்ல முடியுமா? அப்புறம் ஒன்று வாயில் வெளிறிய உருண்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு மூன்று நாளாக இடத்தைவிட்டு அசையவில்லை. அது இரையா? மாமி விஷச் சிலந்தி என்று சொல்லி ஒட்டறைத் தடியைக் கையில் எடுத்துவிட்டார், இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

மரப்பல்லி

மாமியிடம் சொல்லுங்கள், பயப்பட ஒன்றும் இல்லை. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். எந்த இனம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

எட்டுக்கண்

பின்பக்கம் மேலே எழும்பிக் கூராக இருக்கிறது என்று எழுதினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. இது பெரும்பாலும் குரொசொப்ரைசா லயோனி. ஃபோல்சிடே குடும்பம்தான், ஆனால் நீங்கள் பார்த்த ஃபோல்கஸ் ஃபலாஞ்சியாய்டிஸ் குளிர்நாட்டு வீடுகளில் அதிகம் காணப்படுவது. ஆங்கிலப் பக்கங்களில் பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான் போடுவார்கள், அதனால் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் குழம்பிப்போகிறார்கள்.

மேலிருந்து படம் எடுக்காதீர்கள், பயன் இல்லை. சிலந்தியின் மட்டத்துக்கு போனை இறக்கிப் பக்கவாட்டில் எடுங்கள், பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள், டோர்ச்சைச் சரிவாக அடியுங்கள். லயோனி என்றால் வயிறு பக்கவாட்டில் ஒரு சின்னப் பெட்டி மாதிரித் தெரியும், பின்பக்க மேல்மூலை மட்டும் கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். சாம்பல் நிறம், பக்கங்களில் வெள்ளைத் திட்டுகள். காலையும் பாருங்கள், சிறு சிறு கரும்புள்ளிகள் இருக்கும், முட்டி கறுத்திருக்கும், அதற்குப் பக்கத்தில் வெள்ளை வளையம். உடம்பு 3 முதல் 7 மில்லிமீற்றர் வரை வரும், முன்கால் 6 சென்றிமீற்றர் கூடப் போகும்.

எங்கள் வீடுகளில் இதோடு மாறிப்போவது மூன்று. ஸ்மெரிங்கோபஸ் பல்லிடஸ் நீள வயிற்றுக்காரர், நுனி எழும்பாது, முதுகில் கருமையான கோலம் இருக்கும். ஆர்டெமா அட்லாண்டா பெரிது, பட்டாணி மாதிரி உருண்ட வயிறு. ஃபிசோசைக்ளஸ் குளோபோசஸ் சின்னது, அதுவும் உருண்டை, இதைத்தான் கவனமாகப் பிரிக்க வேண்டும்.

வாயில் இருப்பது இரை இல்லை, முட்டை! இந்தக் குடும்பத்துப் பெண் சிலந்தி முட்டைகளைச் சில இழைகளால் மட்டும் கட்டி, குஞ்சு பொரிக்கும்வரை வாயிலேயே தூக்கிக்கொண்டு இருக்கும். உறை மிக மெல்லிசு என்பதால் ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாகத் தெரியும். மகளை அதைப் பார்க்கச் சொல்லுங்கள், இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. தயவுசெய்து ஒட்டறைத் தடி அதில் படவேண்டாம்.

விஷத்தைப் பற்றி: உலகிலேயே கொடிய விஷம் இதற்குத்தான், பல் கட்டை என்பதால் நாங்கள் தப்பினோம் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. அநேகமாக எல்லாச் சிலந்திக்கும் இரையை மடக்குகிற அளவுக்கு விஷம் உண்டு, இதற்கும் அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை அக்கா

நான் இனம் பிரிக்கத் தெரிந்தவள் இல்லை, ஆனால் இந்தச் சிலந்தியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2017இல் நாட்டில் 186,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று கணக்கு வந்ததே, அதில் என் தம்பியும் ஒருவன். பிளேட்லெட் இறங்க இறங்க ஆஸ்பத்திரி வாங்கிலில் உட்கார்ந்திருந்த அந்த இரவுகளை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டில் நுளம்பைத் தின்பது எது என்று கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். தாய்லாந்தில் இதே லயோனியை டெங்கு நுளம்பைத் தின்னும் சிலந்தி என்று வீடுகளில் வைத்தே ஆராய்ந்து 1997இல் வெளியிட்டிருக்கிறார்கள். டெங்கு நுளம்பு பகலில் கடித்துவிட்டு வீட்டுக்குள் இருட்டு மூலைகளில்தான் போய் ஒட்டிக்கொள்ளும், இந்தச் சிலந்தி வலை கட்டுவதும் அதே மூலையில்.

அதற்காகப் பூச்சாடித் தட்டில் தண்ணீரைத் தேங்க விடாதீர்கள். குடம்பி வளர்கிற இடத்தைச் சிலந்தி சுத்தம் செய்யாது.

மரப்பல்லி

@எட்டுக்கண் படம் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்லலாமா?

எட்டுக்கண்

லயோனி என்றால் பெரும்பாலும் சொல்லலாம், அந்தக் கூம்பு அப்படி. சின்ன ஃபோல்சிட்களில் சொல்ல முடியாது, வளர்ந்த ஆணின் முகத்தருகே கைபோல இருக்கும் பெடிபால்ப்பை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். ஆர்வம் இருந்தால் பெர்ன்ஹார்ட் ஹூபர் 2019இல் இலங்கை ஃபோல்சிடேக்களைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தேடுங்கள். நம் காடுகளில் இலைக்கு அடியில் வாழ்கிற இனங்கள் எல்லாம் அதில் வருகின்றன, வீட்டுச் சுவரோடு நின்றுவிட்டால் நட்டம்.

மகளுக்கு இன்னொன்று. பெயரை எழுதும்போது பிளாக்வால், 1867 என்பதை அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லுங்கள். ஜான் பிளாக்வால் அதை முதலில் ஃபோல்கஸ் பேரினத்தில் வைத்துத்தான் விவரித்தார், பிறகு பேரினம் மாறியது. அப்படி மாறினால் முதலில் பெயரிட்டவரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுதுவது வழக்கம்.

ஒழுங்கை வீடு

பக்கவாட்டில் எடுத்துப் பார்த்தோம். பெட்டி வயிறு, எழும்பிய கூம்பு, முட்டியில் கறுப்பு, எல்லாம் அப்படியே இருக்கிறது. மகள் வாசிப்புக் கண்ணாடியை வைத்து முட்டைகளை எண்ண முயன்றாள், முன்பக்கம் தெரிந்தது பதினொன்று, பின்பக்கம் போக முடியவில்லை. வலைக்குக் கீழே அரிசி வாளி மூடியில் உறிஞ்சிப் போட்ட நுளம்புகள் நான்கு கிடந்தன, இரண்டுக்குக் காலில் வெள்ளை வரி இருந்தது. மூடியை அப்படியே கொண்டுபோய் மாமிக்குக் காட்டினோம். இன்று காலை முன்அறையில் மட்டும் ஒட்டறை அடித்தார், படிக்கட்டுப் பக்கம் வரவில்லை. குஞ்சு பொரித்ததும் எழுதுகிறேன்.