வாண்டா ஜாக்சன் எல்பி: கடைசிப் பாட்டில் 'ஸ்' சீறுகிறது, உதவி தேவை

அமெரிக்கப் பாடகி வாண்டா ஜாக்சன் 73 வயதில், ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட் தயாரிப்பில் வெளியிட்ட 'தி பார்ட்டி எய்ன்ட் ஓவர்' (2011) எல்பி, அதாவது வினைல் இசைத்தட்டு. இரண்டாம் பக்கம் முடியும் 'ப்ளூ யோடல் நம்பர் 6' பாட்டில் 'ஸ்' வரும் இடமெல்லாம் சீறுகிறது. வலது ஸ்பீக்கரில் அதிகம். புதிதாக வாங்கிய நாளிலிருந்தே இப்படி. தட்டின் வெளிப்பக்கப் பாட்டுகளில் இல்லை.

முதல் பாட்டு 'ஷேக்கின் ஆல் ஓவர்' குரல் கரகரப்பை இதில் சேர்க்க வேண்டாம். அது வேண்டுமென்றே செய்தது, டிஜிட்டலிலும் அப்படியேதான். கடைசிப் பாட்டோ டிஜிட்டலில் சுத்தம். குரலும் கிட்டாரும் மட்டுமே என்பதால் சின்னக் குறைகூட மறையாது, அத்தனை அழகாகப் பாடியிருக்கிறார்!

கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) ஏடி-விஎம்95ஈ, நீள்வட்ட ஊசி. ஊசி தட்டை அழுத்தும் எடை 2.0 கிராம், டிஜிட்டல் தராசில் பார்த்தது. 2.2 வரை ஏற்றியும் மாற்றமில்லை. கார்ட்ரிட்ஜ் கோணத்தைச் சரிபார்க்கும் பேர்வால்ட் அளவுத்தாளில், தட்டின் மையத்திலிருந்து 66, 121 மி.மீ. இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜ் நேராக நிற்கிறது. வலது பக்கம் அதிகம் சீறினால் ஆன்டி-ஸ்கேட் (ஊசி உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் விசை) போதவில்லை, ஊசி பள்ளத்தின் வெளிச்சுவரைச் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். அதனால் 2இலிருந்து 2.5க்கு ஏற்றினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. தட்டை ஈரமாகக் கழுவி, ஊசியையும் துடைத்தாயிற்று. வேறு எல்பிகளின் உள்பள்ளங்கள் (தட்டின் நடுவை ஒட்டிய பகுதி) இதே அமைப்பில் நன்றாகவே ஒலிக்கின்றன.

இன்னும் நுண்ணிய முனையுள்ள மைக்ரோலைன் ஊசிக்குச் செலவழிக்கும் முன் ஒன்று தெரிய வேண்டும்: இதே எல்பி வைத்திருப்பவர்களே, உங்கள் தட்டிலும் அந்தக் கடைசிப் பாட்டில் வலது பக்கம் 'ஸ்' சீறுகிறதா?