துகள் விளைவுகளைப் பரிணாம முறையில் உருவாக்கும்போது தகுதியை எப்படி அளப்பது?

துகள்விரும்பி (கேள்வி):
விண்வெளி விளையாட்டு ஒன்றுக்காக, பல சிறு துகள்களால் ஆன வெடிப்பு, புகை, ஆயுத ஒளி ஆகியவற்றைக் கையால் சீரமைக்காமல், மரபியல் அல்காரிதத்தின் (சிறந்தவற்றைத் தேர்ந்து, கலந்து, சற்று மாற்றித் தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் முறை) மூலம் உருவாக்க முயல்கிறேன். துகள்களின் வேகம், ஆயுள், நிறம், சிதறும் கோணம் ஆகியவற்றைக் குறிக்கும் எண்களின் வரிசையே ஒவ்வொரு விளைவுக்கும் மரபணு. பிரகாசத்துக்கும் அசைவுக்கும் மதிப்பெண் தருகிறேன். ஆனால் சில தலைமுறைகளுக்குள் எல்லாமே திரையை மூடும் வெள்ளைப் பிழம்பாகிவிடுகின்றன. தகுதிச் சார்பை, அதாவது மதிப்பெண் தரும் விதியை, எப்படி மாற்ற வேண்டும்?

நிரல்மேடை:
அல்காரிதம் நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது. அடிட்டிவ் பிளெண்டிங்கில் துகள்களின் நிறங்கள் ஒன்றோடொன்று கூட்டப்படுவதால், செம்மஞ்சள் துகள்கள் நெருக்கமாகக் குவிந்தாலே நடுப்பகுதி மஞ்சளாகி, பிறகு வெளுத்துவிடும். பிரகாசத்துக்கு மதிப்பெண் இருக்கும்வரை தேடல் அந்தப் பக்கமே சாயும். அழகை எண்ணாக்கும் முயற்சியைக் கைவிட்டு, தேர்வை மனிதக் கண்ணிடம் விடுங்கள். கணினி வரைகலை ஆய்வாளர் கார்ல் சிம்ஸ் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் கணிதக் கோவைகளிலிருந்து படங்கள் தோன்றின. எவை அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக வேண்டும் என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்தார். கண் விரைவில் களைத்துவிடும் என்பதால் ஒரே நேரத்தில் சிலவற்றை மட்டும், விளையாட்டின் உண்மையான பின்னணி மீதே ஓட்டிக் காட்டுங்கள். கறுப்புத் திரையில் எந்த வெடிப்பும் நன்றாகத்தான் தெரியும்.

வலைப்பின்னல்:
தேர்வைப் பற்றிய கருத்தை ஏற்கிறேன். ஆனால் மரபணுவின் வடிவமும் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். எண் வரிசை எவ்வளவு மாறினாலும், நீங்கள் முன்பே எழுதிவைத்த இயக்கத்தின் வகைகளே கிடைக்கும். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 'கேலக்டிக் ஆர்ம்ஸ் ரேஸ்' விளையாட்டில் ஒவ்வோர் ஆயுதமும் ஒரு சிறு நியூரல் நெட்வொர்க், அதாவது உள்ளே வரும் எண்களை வேறு எண்களாக மாற்றித் தரும் கணுக்களின் வலை. துகள் இருக்கும் இடமும், ஏவிய புள்ளியிலிருந்து அதன் தொலைவும் உள்ளே செல்ல, அதன் வேகமும் நிறமும் வெளியே வருகின்றன. நெட்வொர்க்கின் அமைப்பையே பரிணாம முறையில் வளர்க்கும், 2002-இல் வெளியான நீட் (NEAT) முறையின் வழிவந்த அல்காரிதம் அந்த நெட்வொர்க்குகளுக்குப் புதிய கணுக்களையும் இணைப்புகளையும் சேர்த்துக்கொண்டே போவதால், யாரும் திட்டமிடாத சுருள்களும் அலைகளும் உருவாகின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரையும் மதிப்பெண் கேட்காமல், ஆட்டக்காரர்கள் எந்த ஆயுதத்தை அதிகம் சுடுகிறார்கள் என்பதையே தகுதியாகக் கொண்டதுதான்.

ஃபிரேம்காவலர்:
விளைவை வரைய ஆகும் நேரச் செலவைத் தகுதியில் கலக்காமல் தடையாக வைப்பது நல்லது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடிதான், விளைவுகளுக்கு அதில் ஒரு சிறு பங்கே கிடைக்கும். பெரிய ஒளிபுகும் துகள்கள் அடுக்கடுக்காக விழும்போது, ஒரே பிக்சலை ஜிபியு (வரைகலைச் செயலி) திரும்பத் திரும்ப வரைய நேர்கிறது. அந்த நேர எல்லையை மீறும் விளைவுகளைக் கண்ணுக்குக் காட்டும் முன்பே நீக்கிவிடுங்கள்.

துகள்விரும்பி:
நன்றி. நெட்வொர்க் முறைக்கு மாறுகிறேன். ஒரே விளைவு ஒவ்வொரு முறை ஓடும்போதும் சற்று வேறாகத் தெரிகிறதே, அது தேர்வைப் பாதிக்காதா?

நிரல்மேடை:
பாதிக்கும். ஒரு தலைமுறை முழுவதற்கும் ஒரே ரேண்டம் விதையை (தற்செயல் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) கொடுத்து ஒப்பிடுங்கள். இல்லையேல் நல்ல மரபணுவுக்குப் பதிலாக நல்வாய்ப்பாக அமைந்த ஓர் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள். பெற்றோரை உறுதிசெய்வதற்கு முன் மட்டும், விதையை மாற்றி மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.