பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்

(எங்கள் குடும்பக் குழுவில் போன ஞாயிறு நடந்த பேச்சு. சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். பெயர்கள் இல்லை, என் போனில் பதிந்து வைத்திருக்கிற மாதிரியே உறவுமுறைதான்.)

காலை 9.12

நான்: எல்லோருக்கும் வணக்கம். 16-ஆம் தேதியோடு எனக்கு லீவு முடிகிறது. 26 வாரம் எப்படி ஓடியது என்றே தெரியவில்லை. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இருந்தால் சொல்லுங்கள். சோழிங்கநல்லூர், காலை 8 முதல் இரவு 7 வரை.

மாமா: 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தாக வேண்டும். 2017-இல் திருத்திய சட்டம். தினம் நான்கு தடவை தாய் போய்ப் பார்த்து வரலாம். கேட்டாயா?

நான்: கேட்டேன் மாமா. வெளியே ஒரு காப்பகத்தோடு பேசி வைத்திருக்கிறார்கள். ஒரு வயது முடிந்தால்தான் சேர்ப்பார்களாம். பாப்பாவுக்கு இப்போது ஐந்தரை மாதம்.

அம்மா: அம்மாச்சியை விட்டு என்னால் ஒரு நாள்கூட நகர முடியவில்லை. இல்லையென்றால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

பெரியம்மா: எவ்வளவு கேட்கிறார்கள்?

நான்: ஏஜென்சியில் மாதம் 22,000. ஆளை அனுப்புவதற்கு அவர்களுக்குத் தனியாக ஒரு மாதச் சம்பளம்.

பெரியம்மா: இருபத்திரண்டா! சமைக்க வேண்டாம், பெருக்க வேண்டாம், ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா?

அத்தை: நம் ஊரில் ஆறாயிரத்துக்கு ஆள் வரும். ஆனால் சென்னைக்கு வராது.

மாமா: வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று 2018-இலேயே அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. 11 மணி நேரத்துக்கு 407. 26 நாளுக்கு 10,582. பன்னிரண்டு கொடுத்தாலே தாராளம்.

(மாமா தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். கணக்கு அப்படித்தான் வரும்.)

சிங்கப்பூர் அண்ணன்: மாமா, இதற்குக் கீழே போகக் கூடாது என்று போட்ட கோடு அது. அதுவும் 2018 விலைவாசிக்கு.

அம்மா: ஏன், நம் சித்தி பெரும்பாக்கத்தில்தானே இருக்கிறாள்? தங்கச்சி, நீதான் பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போகிறாயே. நம் பாப்பாவையே பார்த்துக்கொள்ளேன்.

பெரியம்மா: அதுதான் சரி. வெளி ஆள் எதற்கு? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுத்தால் போதும். சொந்தத்துக்குள் சம்பளமா வாங்கப் போகிறாள்?

(சித்தி பார்த்துவிட்டார். ஒரு மணி நேரம் பதில் இல்லை. சித்தி என் மனதிலும் இருந்தார். பதினைந்தாயிரம் கேட்டுப் பார்க்கலாம் என்று இருந்தேன். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.)

காலை 10.31

சித்தி: [குரல் பதிவு 4:06]

மாமா: கோயிலில் இருக்கிறேன். யாராவது எழுதிப் போடுங்கள்.

தங்கச்சி (சித்தி மகள்): அம்மா பேசியதை அப்படியே எழுதுகிறேன் மாமா.

"அண்ணே, 37 ரூபாய்க்கு மேடவாக்கம் கூட்ரோட்டில் இரண்டு டீயும் ஒரு வடையும் வரும். ஆறேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். லேடீஸுக்கு இலவசம் என்று வெள்ளை போர்டு பஸ்ஸுக்கு நிற்பேன். இரண்டு பஸ் கூட்டமாகப் போனால் ஷேர் ஆட்டோதான். எட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஏழுக்கு விட வேண்டும், ஆனால் அந்தம்மா ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் மாட்டினால் எட்டேகால். அந்த ஒன்றேகால் மணி நேரம் யார் கணக்கிலும் வராது.

அந்த வீட்டில் 22 கொடுக்கிறார்கள், என் கைக்கு 17 வருகிறது. மிச்சம் எங்கே என்று கேட்டால் யூனிஃபார்ம், டிரெய்னிங் என்கிறார் ஏஜென்சிக்காரர். டிரெய்னிங் அரை நாள். எனக்கு டயபர் மாற்றக் கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

சும்மா உட்கார்ந்திருப்பதாக அக்கா சொல்கிறாள். தூளியை விட்டுக் கை எடுத்தால் அந்தப் பிள்ளை எழுந்துவிடும். இடது கையால் ஆட்டிக்கொண்டு வலது கையால் சாப்பிடுவேன். டிபன் மூடியைச் சத்தம் வராமல் திறக்க ஒரு வழி இருக்கிறது, விளிம்பை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். ஹாலில் கேமரா. ஒரு நாள் முதுகு வலிக்கிறது என்று சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். இரண்டு நிமிஷத்தில் போன், 'கீழே உட்கார்ந்து கொடுங்கள்' என்று. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நான் என்ன கொடுத்தேன் என்று விசாரணை. எனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

இதற்கு முந்திய வீட்டில் இரண்டரை வருஷம். ப்ளே ஸ்கூலில் சேர்க்கிறோம், நாளை மறுநாளோடு போதும் என்று ஒரு சாயங்காலம் சொன்னார்கள். அப்புறம் ஒரு வாரம் மத்தியானம் ஆனால் அந்தம்மா எனக்குப் போன். பையன் சாப்பிட மாட்டேன் என்கிறானாம். பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போங்கம்மா, பன்னிரண்டே முக்காலுக்குத் தண்ணீர் லாரி வரும், ஓஸ் மாட்டும்போது ஒரு வாய், தண்ணீர் திறக்கும்போது ஒரு வாய் கொடுங்கள் என்று சொன்னேன்."

அவ்வளவுதான் பேசியிருக்கிறார். அழவெல்லாம் இல்லை, காய் நறுக்கிக்கொண்டேதான் பேசினார்.

பெரியம்மா: வெளியே படுகிற கஷ்டம் வேறு. இது நம் பிள்ளை. சொந்தத்தில் கணக்குப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்?

சித்தி: கணக்கு நான் பார்க்கலையே அக்கா. நீ ரெண்டு வருஷம் டீச்சர் டிரெய்னிங் போனபோது உன் மகனை யார் பார்த்தது? பத்தாவது முடித்திருந்தேன். ப்ளஸ் ஒன் இடம் கிடைத்திருந்தது. பிள்ளை ஒரு வயசு, அடுத்த வருஷம் சேரலாம் என்றீர்கள். அடுத்த வருஷம் யாரும் கேட்கவில்லை.

சிங்கப்பூர் அண்ணன்: அம்மா, இது எனக்குத் தெரியாது.

(பெரியம்மா ஒரு செய்தியை அனுப்பி அழித்தார். இன்னொன்றும் அனுப்பி அழித்தார். இப்போதும் அவருக்கு மாதம் பிறந்தால் ஆசிரியர் பென்ஷன் வருகிறது.)

சிங்கப்பூர் அண்ணன்: இங்கே வீட்டோடு தங்குகிற பணிப்பெண்களுக்கு 2013 முதல் வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. பணம் கொடுத்து அந்த நாளிலும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது விட்டே ஆக வேண்டும், அதைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது. அதுகூட நம்மிடம் இல்லை.

நான்: சித்தி, நீங்கள் வருவீர்களா? என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சித்தி: வருகிறேன். சேலைக்கு வரமாட்டேன். 20,000. ஏஜென்சி வேண்டாம், என் கையில் கொடு. ஞாயிறு வரமாட்டேன். ஏழு என்றால் ஏழு, லேட்டானால் மணிக்கு நூறு. பாப்பா துணி, பாப்பா பாட்டில், பாப்பா கூழ் என் பொறுப்பு. உங்கள் பாத்திரத்தைத் தொடமாட்டேன். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போவேன், பிடிக்கக் கூடாது.

நான்: சரி சித்தி. அவரிடமும் கேட்டுவிட்டேன். வீட்டு லோன் போக எங்களுக்குக் கொஞ்சம் இழுபறிதான், ஆனால் சரி. இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறேன் என்று இப்போது போகிற வீட்டில் சொல்லிவிடுங்கள்.

சித்தி: அவர்களுக்கு ஆள் கிடைக்க 15 நாள் வேண்டும். அந்தப் பிள்ளையும் பிள்ளைதானே. நாளைக்கே சொல்கிறேன்.

மாமா: சாமி கும்பிட்டாச்சு. இப்போதுதான் முழுக்கப் படித்தேன். நீ வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாயா? 2007-இல் ஆரம்பித்தது. 60 வயதுக்குள் பதிய வேண்டும், அப்புறம் ஓய்வூதியம் உண்டு.

சித்தி: ஒரு வீட்டில் கையெழுத்துக் கேட்டேன் அண்ணே. பின்னால் ஏதாவது பிரச்சினை வருமா என்று கேட்டே தள்ளிப் போட்டார்கள். எனக்கு இப்போ 55.

நான்: நான் போடுகிறேன். மாமா, என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.

மாமா: நாளைக்கு ஆபீஸ் நண்பரிடம் கேட்டு அனுப்புகிறேன். 37 ரூபாய் கணக்கை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம்.

அத்தை: எடுத்தாச்சு.

பகல் 12.50

சித்தி: ஹாலில் தூளிக் கொக்கி இருக்கா? வாடகை ஃபிளாட்டில் ஓட்டை போட ஓனர் விடமாட்டாரே.

நான்: சொந்த ஃபிளாட்தான் சித்தி. டிரில்லிங் ஆளைக் கூப்பிட்டு மாட்டிவிடுகிறேன்.

பெரியம்மா: என்னிடம் பழைய சேலை ரெண்டு இருக்கு. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டது. தூளிக்கு ஆகும். பார்சலில் போடவா?

சித்தி: நூல் சேலை என்றால் போடு அக்கா. சிந்தெடிக் வேண்டாம், பிள்ளைக்கு வேர்க்கும்.