ஒருமுறை அழுத்த மூன்று தரம் இன்டரப்ட் வருகிறது, உதவி தேவை

விசுவமடு:
வணக்கம். தோட்டத்துக் கிணற்று மோட்டருக்கு ஆர்டுயினோ ஊனோவில் (புரோகிராம் போட்டு இயக்கும் சிறிய போர்ட்) ஒரு கட்டுப்பாடு செய்கிறேன். போடும் பொத்தான் பின் (போர்டில் வயர் பூட்டும் இடம்) 2 இல், நிறுத்தும் பொத்தான் பின் 4 இல். 2 ஐ ஒருமுறை அழுத்த மூன்று நான்கு தரம் இன்டரப்ட் (ஓடும் புரோகிராமை இடையில் நிறுத்தி வேறு வேலை செய்ய வைக்கும் சைகை) வருகிறது, 4 அசையவே இல்லை. இன்டரப்டுக்குள் டிலே (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) போட்டும் சரிவரவில்லை. கச்சானுக்குத் தண்ணீர் விட வேண்டும், அவசரம்.

ஒட்டுசுட்டான்:
தம்பி, ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பில் வெளி இன்டரப்ட் பின் 2 க்கும் 3 க்கும் மட்டும்தான், அதனால் நிறுத்தும் பொத்தானை 3 க்கு மாற்றுங்கோ. 4 இல் பின்சேஞ்ச் இன்டரப்ட் வைக்கலாம், ஆனால் அது அழுத்தினாலும் விட்டாலும் வரும், எந்தப் பின் என்றும் நீங்களே பார்க்க வேண்டும். டிலே இன்டரப்டுக்குள் வேலை செய்யாது. உள்ளே வொலட்டைல் மாறி (இன்டரப்டில் மாறலாம் என்று அறிவித்த மாறி) ஒன்றை மாற்றிவிட்டு உடனே வெளியே வாருங்கோ, அப்புறம் லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) மில்லிஸ் (போர்ட் தொடங்கியதில் இருந்து ஆன மில்லிசெக்கன்) பார்த்து, முந்திய அழுத்தலில் இருந்து 50 மில்லிசெக்கன் ஆகாவிட்டால் அதை விட்டுவிடுங்கோ.

மாங்குளம்:
பொத்தானுக்கு வயர் நீளமா? சிப்பின் உள் புல்அப் (பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோ ஓம், நீள வயருக்கு அது காணாது. பின்னில் இருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 0.1 மைக்ரோபரட் கப்பாசிட்டர் ஒன்று போடுங்கோ. நிறுத்தும் பொத்தானை மட்டும் புரோகிராமை நம்பி விடவே வேண்டாம், மோட்டர் ஸ்டார்ட்டரின் கொயிலை (மின்சாரம் போனால் மோட்டரை நிறுத்தும் சுருள்) நேரே வெட்டுகிற சுவிட்ச் ஒன்றும் கட்டாயம் வையுங்கோ.

விசுவமடு:
வயர் பத்து மீட்டர் அண்ணை. 3 க்கு மாற்றி, கப்பாசிட்டரும் போட்டேன், இப்போது ஒரு அழுத்தலுக்கு ஒன்றுதான். கொயில் சுவிட்சை நாளைக்குப் பூட்டுகிறேன். இருவருக்கும் நன்றி.