லை, லே, ரைஸ், ரெய்ஸ்: எங்கே எது வரும்?

நூல்முனை கேட்டது:

ஆங்கிலத்தில் லை என்றால் கிடப்பது, லே என்றால் கிடத்துவது. அகராதியில் பார்த்துப் பொருள் புரிந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் வடிவங்கள் கலந்துவிடுகின்றன. கீழே உள்ள நான்கு வாக்கியங்களும் சிவப்பு மையில் சுழிக்கப்பட்டு வந்தவை. காரணம் எதுவும் எழுதப்படவில்லை.

1. ஹி இஸ் லேயிங் ஆன் தி பெட்.
2. தி ப்ரைசஸ் ஹேவ் ரெய்ஸ்ட்.
3. தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட் அட் நைட்.
4. ஐ வில் ரிமெம்பர் யூ டுமாரோ அபவுட் தி மீட்டிங்.

இவை நான்கு தனித்தனித் தவறுகளா, ஒரே இடத்தில் சறுக்கியதா? இன்னொன்று: "ஷி லே டவுன்" என்று இறந்தகாலத்தில் வந்த வாக்கியத்தைச் சரி என்று விட்டுவிட்டார்கள். லே நிகழ்காலம்தானே?

எழுத்தாணி:

நான்கும் ஒரே இடத்துச் சறுக்கல்தான். நமக்கு நன்றாகத் தெரிந்த தன்வினை, பிறவினைதான் அந்த இடம்.

எழுந்தான், எழுப்பினான். கிடந்தான், கிடத்தினான். இருந்தான், இருத்தினான். வீழ்ந்தான், வீழ்த்தினான். இதே நான்கு ஜோடிகளும் ஆங்கிலத்தில் அப்படியே இருக்கின்றன. ரைஸ் எழுவது, ரெய்ஸ் எழுப்புவது. லை கிடப்பது, லே கிடத்துவது. சிட் உட்கார்வது, செட் இருத்துவது. ஃபால் வீழ்வது, ஃபெல் வீழ்த்துவது. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு இன்றும் ஃபெல்தான்.

நாம் மெய்யை வன்மையாக்கிப் பிறவினை செய்கிறோம்: திரும்பு, திருப்பு, அடங்கு, அடக்கு, ஓடு, ஓட்டு. ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் ஒரு விகுதி சேர்ந்தது, அந்த விகுதி உள்ளே இருந்த உயிரொலியை மாற்றியது. பிறகு விகுதி தேய்ந்து போய், உயிரொலி மாற்றம் மட்டும் தங்கிவிட்டது. ரெய்ஸ் மட்டும் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல்; அங்கேயும் அது எழு என்பதன் பிறவினையே. ட்ரிங்க், ட்ரென்ச் ஜோடியும் இந்தக் குடும்பம்தான். ட்ரென்ச் முதலில் "குடிக்கச் செய்" என்று இருந்து, இப்போது "தொப்பலாக நனை" என்று ஆகிவிட்டது.

சோதனை எளிது. வினைக்குப் பக்கத்தில் "எதை?" என்று கேளுங்கள். ஹி இஸ் லேயிங்... எதை? பதில் இல்லை. அதனால் லையிங். கோழி லே செய்கிறது, எதை? முட்டையை. அங்கே லே சரி. "லேயிங் ஆன் தி பெட்" என்று படிப்பவர் கட்டிலில் எதையோ வைக்கப் போகிறார் என்று காத்திருப்பார், அது வராது.

விலை தானாக உயர்ந்தால் ஹேவ் ரிசன். விற்பவர் உயர்த்தினால் அவர் ப்ரைசஸை ரெய்ஸ் செய்தார்.

மூவிடம்:

எழுத்தாணி சொன்னது அடித்தளம். உண்மையான சிக்கல் வடிவங்களில் இருக்கிறது: ஒன்றின் இறந்தகாலம் இன்னொன்றின் நிகழ்காலத்தோடு மோதுகிறது. நிகழ்காலம், இறந்தகாலம், மூன்றாம் வடிவம், இங் வடிவம் என்ற வரிசையில் எழுதிப் பார்த்தால் தெரியும்:

கிட: லை, லே, லெயின், லையிங்
கிடத்து: லே, லெய்ட், லெய்ட், லேயிங்
பொய் சொல்: லை, லைட், லைட், லையிங்

முதல் வரியின் இரண்டாம் சொல்லும் இரண்டாம் வரியின் முதல் சொல்லும் ஒன்றே. உங்கள் "ஷி லே டவுன்" முதல் வரியைச் சேர்ந்தது: படுத்தாள். நிகழ்காலமாக இருந்தால் ஷிக்குப் பின் எஸ் வந்து "ஷி லேஸ்" ஆகியிருக்கும். எஸ் இல்லாததே அது இறந்தகாலம் என்பதற்குச் சான்று. ஐ, தே போன்ற எழுவாய்களில் இந்த உதவி கிடைக்காது. அங்கே எதை என்ற கேள்வியும் வாக்கியத்தில் உள்ள காலச் சொல்லும்தான் கைகொடுக்கும்.

எழுத்துக்கூட்டலில் ஒரு பொறி: லெய்ட் என்பது எல்-ஏ-ஐ-டி. லேயோடு ஈ-டி ஒட்டி எழுதினால் தவறு. பே என்பதற்கும் இதே கதை, பெய்ட் என்பது பி-ஏ-ஐ-டி. ப்ளே, ஸ்டே போன்றவை ஒழுங்காக ஈ-டி வாங்கிக்கொள்ளும்.

இந்த மோதல் வேறு ஜோடிகளிலும் உண்டு. ஃபெல் என்பது விழுந்ததற்கு இறந்தகாலம். வீழ்த்துவதற்கு நிகழ்காலம், அதன் இறந்தகாலம் ஃபெல்ட். ஃபைண்டின் இறந்தகாலம் ஃபௌண்ட். அதே ஃபௌண்ட் நிறுவுவதற்கு நிகழ்காலம், இறந்தகாலம் ஃபௌண்டட். ஒரு நிறுவனம் "வாஸ் ஃபௌண்ட்" என்று எழுதினால், காணாமல் போயிருந்தது கிடைத்துவிட்டது என்று ஆகிவிடும். "வாஸ் ஃபௌண்டட்" என்றே எழுத வேண்டும். இந்த ஒரு தவறை விண்ணப்பக் கடிதங்களில் அடிக்கடி பார்க்கலாம்.

நூல்முனை:

மிக்க நன்றி. 1, 2 தெளிந்துவிட்டன. ஆனால் நான்காவதில் சோதனை உடைகிறதே? ரிமெம்பர்... யாரை? யூ. செயப்படுபொருள் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு ஏன் தவறு?

எழுத்தாணி:

நல்ல கேள்வி. நான் சொன்னது அரைகுறை. "எதை?" என்று கேட்பது செயப்படுபொருள் குன்றிய வினையையும் குன்றா வினையையும் பிரிக்கும். தன்வினை, பிறவினை என்பது வேறு கோடு. லை, லே ஜோடியில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் சோதனை வேலை செய்தது. சோற்றை உண்டான் என்பதில் "எதை?"க்குப் பதில் இருக்கிறது, ஆனாலும் அது தன்வினை. ஊட்டினான் என்பதுதான் பிறவினை.

அப்படிப்பட்ட இடத்தில் கேட்க வேண்டியது: வினை யாருக்குள் நடக்கிறது? நினைப்பவர் நானா, நீங்களா? உங்கள் வாக்கியத்தில் நினைவுக்கு வர வேண்டியது உங்கள் எதிரிலிருப்பவருக்கு. ஆகவே நினைவூட்டு, அதாவது ரிமைண்ட். "ஐ வில் ரிமெம்பர் யூ டுமாரோ" என்றால் நாளை உங்களை நினைத்துக்கொள்வேன் என்று பொருள். விடைபெறும்போது சொல்லும் வாக்கியம் போல ஆகிவிட்டது.

இந்த வகையில் ஆங்கிலம் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது: கல், கற்பி என்பதற்கு லேர்ன், டீச். காண், காட்டு என்பதற்கு சீ, ஷோ. உண், ஊட்டு என்பதற்கு ஈட், ஃபீட்.

சொல் அமரும் இடமும் மாறும். ரிமைண்டுக்குப் பின் ஆள் கட்டாயம் வர வேண்டும், அதற்குப் பிறகே அபவுட் அல்லது டு: "ரிமைண்ட் மீ டு கால் ஹிம்." ரிமெம்பருக்குப் பின் டு வந்தால் மறக்காமல் செய், இங் வந்தால் செய்தது நினைவிருக்கிறது. "ரிமெம்பர் டு லாக் தி டோர்" என்றால் இனிமேல்தான் பூட்ட வேண்டும். "ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்" என்றால் பூட்டியாகிவிட்டது.

அகராதிப்புழு:

மூன்றாவதை யாரும் தொடவில்லையே. செயப்பாட்டு வினை வேண்டுமென்றால் செயப்படுபொருள் எழுவாயாக ஏற வேண்டும். ஹேப்பனுக்குச் செயப்படுபொருளே கிடையாது, ஏறுவதற்கு ஆள் இல்லை. ஆகவே வாஸ் ஹேப்பன்ட் என்று ஒன்று இருக்கவே முடியாது. அக்கர், டை, அரைவ், டிஸப்பியர், எக்ஸிஸ்ட், பிலாங், கன்சிஸ்ட் எல்லாம் இதே கட்சி. வாஸை இறந்தகாலக் குறியாகப் பாவிப்பதால்தான் இது நேர்கிறது. ஹேப்பன்டிலேயே காலம் இருக்கிறது. வாஸை எடுத்துவிட்டால் வாக்கியம் சரி.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். ப்ரேக், ஓப்பன், க்ரோ, சேஞ்ச் இவற்றுக்கு ஜோடியே இல்லை, ஒரே வடிவம் இரண்டு வேலையும் செய்கிறது. உடைந்தது, உடைத்தான் என்று நாம் பிரிப்பதை ஆங்கிலம் இரண்டிலும் ப்ரோக் என்கிறது. தமிழிலும் திற அப்படித்தான்: கதவு திறந்தது, கதவைத் திறந்தான். ஆகவே "தி கிளாஸ் ப்ரோக்" முழுமையான, சரியான வாக்கியம். "வாஸ் ப்ரோக்கன்" தவறில்லை, ஆனால் அங்கே உடைத்தவர் ஒருவர் நிழலாக நிற்கலாம், அல்லது ஏற்கெனவே உடைந்து கிடந்த நிலையைச் சொல்லலாம்.

எந்த வினை எந்தக் கட்சி என்று ஊகிக்க வேண்டாம். கற்போருக்கான அகராதிகளில் வினைக்குப் பக்கத்தில் ஐ (செயப்படுபொருள் குன்றிய வினை), டி (குன்றா வினை) என்ற ஆங்கில எழுத்துக் குறிகள் சதுர அடைப்பில் இருக்கும். ஐ மட்டும் இருந்தால் செயப்படுபொருள் வராது, வாஸ் போட்டுச் செயப்பாட்டு வினையாக்கவும் முடியாது. இரண்டும் இருந்தால் செயப்படுபொருளோடும் வரும், இல்லாமலும் வரும். பொருளைப் பார்க்கும் முன் இந்த எழுத்தைப் பாருங்கள்.

நூல்முனை:

நான்கையும் திருத்திவிட்டேன்: இஸ் லையிங், ஹேவ் ரிசன், ஹேப்பன்ட், வில் ரிமைண்ட் யூ. புதிதாக ஒன்று எழுதிப் பார்த்தேன்: "எ டவுட் வாஸ் அரிசன், ஸோ ஐ ரெய்ஸ்ட் இட் ஹியர்."

மூவிடம்:

பின்பாதி சரி. முன்பாதியில் வாஸ் மறுபடி நுழைந்துவிட்டது. அரைஸ், அரோஸ், அரிசன்; ரைஸ் போகும் தடத்திலேயே போகும், அகராதியில் ஐ மட்டும்தான் இருக்கும். "எ டவுட் அரோஸ், ஸோ ஐ ரெய்ஸ்ட் இட் ஹியர்." ஐயம் எழுந்தது, எழுப்பினேன்.