சுத்தியலும் புளியும்: நாமே செய்த சிறு தூண்டில் தகடுகள்

வெள்ளவத்தைக்காரன்:

பழைய கதவொன்றைக் கழற்றியபோது, சாவித் துவாரத்தைச் சுற்றியிருந்த பித்தளைத் தகடு கைக்கு வந்தது. ஒரு மில்லிமீற்றர் கனம் இருக்கும். தூக்கிப் போட மனம் வரவில்லை. இரைக்குப் பதிலாக மின்னி மீனை ஏமாற்றும் தூண்டில் தகடாக்கலாம் என்று தோன்றியது. 30 மில்லிமீற்றர் நீளம், 10 மில்லிமீற்றர் அகலத்தில் வேப்பிலை வடிவமாகக் கோடு போட்டேன். தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டி, அரத்தால் விளிம்பை மழுக்கி, இரண்டு முனையிலும் துளையிட்டேன். ஒரு துளையில் தங்கூசி நூலை முடிந்து, மற்றதில் சின்ன வளையம் போட்டு ஒற்றைத் தூண்டில் முள்ளை மாட்டினேன். பிறகு அம்மம்மா குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

பொல்கொட வாவிக்கரையில் இரண்டு மணி நேரம் எறிந்து எறிந்து இழுத்தேன். ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. தகடு தண்ணீருக்குள் பம்பரமாகச் சுற்றியதில் தங்கூசி முறுக்கேறி, ரீலிலிருந்து சுருள் சுருளாகக் கழன்று விழுந்ததுதான் மிச்சம். நூலில் முறுக்கு ஏறாமல் தானே சுழன்று கொடுக்கும் சுவிவல் என்ற சிறு இணைப்பை முதல் நாள் போடாதது என் பிழை. ஆனால் பிழை அது மட்டுமல்ல என்பதைச் செட்டியார் தெருவில்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் தோட்டுச் சுரை தேய்ந்துவிட்டதென்று வழக்கமாகப் போகும் நகை செய்யும் பத்தரிடம் போயிருந்தேன். சட்டைப் பையிலிருந்து பணம் எடுக்கும்போது தகடும் சேர்ந்து மேசையில் விழுந்தது. பத்தர் அதை எடுத்து, பழக்கதோஷத்தில் தராசில் போட்டார். இரண்டு கிராம்.

"கால் பவுன். இதையா தம்பி ஆற்றில் எறிகிறீர்கள்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முள்ளைக் கழற்றச் சொன்னார். தகட்டை இடுக்கியில் பிடித்து, மங்கலாகச் சிவக்கும்வரை தீயை ஊதி, தண்ணீரில் போட்டார். 'சுர்' என்றது. "அடிக்க அடிக்கப் பித்தளை முறுகிவிடும். இப்படிச் சுட்டால் இளகும்" என்றார். பிறகு அரைக்கோளக் குழிகள் வரிசையாக இருக்கும் ஒரு கட்டையை இழுத்து, ஆழம் குறைந்த குழியின் மேல் தகட்டை வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டினார். ஓங்கி அடிக்கவே இல்லை. கதவைத் தட்டுவதுபோல இருபது முப்பது தட்டு. தகட்டின் நடுவில் குழி விழுந்தது. கடைசியில் வால் நுனியை மட்டும் எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை வளைத்துவிட்டார்.

"தட்டையாகக் கிடந்தால் இது வெறும் தகடு. குழியும் வளைவும் இருந்தால்தான் நடை வரும்."

கூலி வாங்கவில்லை. மீன் கிடைத்தால் கொண்டுவருகிறேன் என்றேன். "நான் சைவம்" என்றார்.

மறுவாரம் அதே கரை, அதே தகடு, கூடவே ஒரு சுவிவல். மெதுவாக இழுத்தபோது கம்பின் நுனி 'டக் டக்' என்று துடித்தது. தகடு சுற்றாமல் இடமும் வலமும் புரண்டு வருகிறது என்பது கைக்கே தெரிந்தது. கரையோர மணலில் சாப்பாட்டுத் தட்டுகளைக் கவிழ்த்து எடுத்ததுபோல வட்ட வட்டமான பள்ளங்கள். திலாப்பியாக்களின் கூடுகள் அவை. ஒரு பள்ளத்துக்கு மேலாகத் தகட்டைக் கொண்டுவந்ததும் கறுத்த ஆண் மீன் ஒன்று பாய்ந்து கவ்வியது. செட்டைகளின் ஓரம் சிவந்து, தாடை வெளுத்து, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதாக இருந்தது.

திலாப்பியா பெரும்பாலும் பாசியும் மக்கலும் தின்னும் மீன். பசிக்காக அது தகட்டைத் துரத்துவது குறைவு. கூட்டைக் காக்கும் ஆண்தான் குறுக்கே வருவதையெல்லாம் அடித்து விரட்டும். ஆகவே மின்னுகிறதா என்பதைவிட, அதன் வாசலில் நின்று எவ்வளவு நேரம் தகடு ஆடுகிறது என்பதுதான் காரியம் என்று நினைக்கிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். தோல்விகளையும்தான்.

கொட்டாஞ்சேனைக் கிழவன்:

நான் செய்த ஏழில் ஆறு காகத்துக்குப் போனது. புளி போட்டு விளக்கிய பித்தளை கடற்காற்றில் இரண்டே நாளில் கறுத்துவிடுகிறதே என்று, மகளின் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, மூன்றாம் மாடி பல்கனிக் கொடியில் காயப் போட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்றுதான் ஆடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஓட்டின் மேல் ஒரு காகம் தகட்டைக் கவ்விக்கொண்டு என்னையே பார்த்தது. நல்லவேளை, முள் இன்னும் மாட்டவில்லை. தெருவில் இதைச் சொன்னபோது, பித்ருக்களுக்குப் படைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

நகப்பூச்சு யோசனை நல்லதுதான். ஜன்னலைச் சாத்திவிட்டுக் காயப் போடுங்கள்.

தெகிவளையில் ஒரு தாய்:

நான் தூண்டில் பிடித்ததே இல்லை. என் மகனுக்குப் பதினைந்து வயது. நடந்ததை எழுதுகிறேன், மற்றப் பிள்ளைகளின் தாய்மாருக்கு உதவும்.

தகடு வெட்டும்வரை நானும் சும்மா இருந்தேன். பிறகு தலையில் ஈயம் வைத்த சின்னத் தூண்டில் செய்யப் போகிறேன் என்று, பழைய வலை ஈயங்களைப் பால் டின்னில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டான். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். நம் வீட்டு காஸ் அடுப்புக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அச்சை முதல்நாள் இரவுதான் பாரிஸ் சாந்தில் வார்த்திருந்தான். மேலே தொட்டால் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். உருகிய ஈயம் பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி, ஈயத்தை மேலே தூக்கி அடித்தது. சுவரில் வெள்ளிப் பொட்டுகள். முழங்கையில் மூன்று கொப்புளங்கள். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. முருகன் காப்பாற்றினார் என்று நான் சொல்ல, கண்ணாடிதான் காப்பாற்றியது என்று அவன் சொல்ல, அன்று முழுவதும் சண்டை.

காயத்தைவிட எனக்குப் பெரிய கவலை அந்தப் புகையும் தூசியும். ஈயம் உடம்புக்குள் போனால் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் கெடுக்கும். பிரித்தானியாவில் அன்னப் பறவைகள் தூண்டில் ஈயத்தை விழுங்கிச் செத்ததால், 1987இலேயே சின்ன ஈயக்குண்டுகளைத் தடை செய்துவிட்டார்கள் என்று அவனே தேடி வாசித்துக் காட்டினான். டின்னைக் கட்டி எறிந்தேன். சமைக்கும் இடத்தில் இனி எதையும் உருக்குவதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினேன். இப்போது வெறும் தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறான். சத்தம் தாங்க முடியவில்லை, ஆனால் பரவாயில்லை.

முன்னாள் பம்பலப்பிட்டி, இந்நாள் ரொறொன்ரோ:

அக்கா, உலோகத் துண்டுகளை உருக்கி ஒட்டும் பற்றாசில் ஈயம் கலக்காத வகையைப் பற்றி மகனிடம் சொல்லுங்கள். அதில் பெரும்பங்கு வெள்ளீயம். தனி வெள்ளீயம் 232 பாகையில் உருகும். அதை வார்க்கக்கூட வேண்டாம். தூண்டில் முள்ளின் கழுத்தில் பித்தளைத் துண்டை வைத்து, பற்றாசுக் கோலால் ஒரு சொட்டு விட்டால் போதும். ஜன்னலைத் திறந்து வைக்கட்டும்.

இங்கே கனடாவில் வாணலிக்குள் அடங்கும் மீன் என்றே ஒரு வகை சொல்வார்கள். புளூகில், கிராப்பி, மஞ்சள் பேர்ச் எல்லாம் அதில் சேரும். பனிக்காலத்தில் சிம்கோ ஏரி உறைந்ததும், பனிக்கட்டியில் துளை போட்டுக் குந்திக்கொண்டு பேர்ச் பிடிப்போம். எறிவதற்கே இடமில்லை, நேரே கீழே இறக்கி ஆட்ட வேண்டியதுதான். என் தகடுகள் விரல் நகம் அளவுதான். அந்த மீன்களின் வாய் அவ்வளவு சிறியது. இந்த ஸ்பூன் தூண்டிலுக்கு அமெரிக்காவில் 1852இல் காப்புரிமை பெற்றவர் யூலியோ புவெல். படகில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்டி தவறி ஏரியில் விழ, மீன் அதைப் பாய்ந்து பிடித்ததைக் கண்டுதான் அவருக்கு யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, கரண்டி தொலைந்ததற்கு நல்ல சமாதானம்.

சென்ற ஆண்டு கொழும்புக்கு வந்தபோது இந்த நகத் தகடுகளைக் கொண்டுவந்தேன். மச்சான் பார்த்துவிட்டு, "இது மூக்குத்தியா?" என்றான். பொரலஸ்கமுவைப் பக்கம் ஒரு வயல் வாய்க்காலில் இறக்கியதும் பனையேறிக் கெண்டை ஒன்று விழுங்கியது. அதை வாளியில் போட்டுவிட்டு அடுத்ததற்குக் குனிந்தேன். திரும்பினால் வாளி காலி. செவுள் மூடியை மண்ணில் ஊன்றி ஊன்றி, வரப்பைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. காற்றையே மூச்சாக இழுக்கும் மீனுக்கு வாளி என்ன, வரப்பு என்ன. மச்சான் படம் எடுத்தானே தவிரப் பிடிக்கவில்லை. அது வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது.

ரயில் பாதையோரம்:

வெள்ளவத்தைக்காரருக்கு ஒரு மறுப்பு. வாவியில் நடை பெரிதாக இருக்கலாம், கடலில் மினுக்கம்தான் பெரிது. பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டிய பாறைகளில் நின்று எறிகிறேன். தேநீர்க் கரண்டியின் காம்பை வெட்டிச் செய்தது என் தகடு. துருப்பிடிக்காத உருக்கில் துளை போடுவது தலைவலி. வேகமாகச் சுழற்றினால் உரசலில் உருக்கு இன்னும் இறுகி, சூட்டில் டிரில் ஊசி மழுங்கிவிடும். ஊசிமுனை உளியால் ஒரு பள்ளம் குத்தி, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மெதுவாக அழுத்தித் துளையிடுங்கள். அலுமினியம் வேண்டாம். பித்தளையில் இரண்டு கிராம் வரும் அதே தகடு அலுமினியத்தில் 0.6 கிராம்தான், எறிந்தால் காற்று உங்களிடமே திருப்பித் தரும்.

என் அனுபவம் முரல் மீனோடு. வெயில் ஏறும் நேரத்தில் தகட்டுக்குப் பின்னால் மூன்று நான்கு முரல்கள் அம்பு வரிசைபோல வரும். பாயும், கடிக்கும், விட்டுவிடும். அதன் அலகு முழுவதும் எலும்பு, முள் ஏற இடமே இல்லை. ஒரு மாதம் இப்படி ஏமாந்தேன். கடைசியில் பாறையில் பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பெரியவர் முள்ளையே கழற்றச் சொன்னார். நைலோன் கயிற்றைப் பிரித்து, பஞ்சுபோலச் சிக்கெடுத்து, ஒரு விரல் நீளத்துக்குத் தகட்டின் வாலில் கட்டினார். முரலின் ஊசிப் பற்கள் அந்த நாரில் சிக்கிக்கொண்டு, இழுக்க இழுக்க இறுகின. முள்ளே இல்லாமல் அன்று இரண்டு பிடித்தேன். கழற்றுவதுதான் பாடு, ஈர்கொல்லிச் சீப்பில் முடி சிக்கியதுபோல.

வெள்ளவத்தைக்காரன்:

கடலுக்கு மினுக்கம், ஒப்புக்கொள்கிறேன். அக்கா, மகனின் கை ஆறியதா?

நேற்றுத் தோட்டை வாங்கப் பத்தரிடம் போனேன். மீன் பிடிபட்ட கதையைச் சொன்னதும் மேசை லாச்சியைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். ஓய்ந்த நேரத்தில் அவரே தட்டியது. மாவிலை வடிவம், நடுநரம்பு கூட உளியால் கீறியிருக்கிறார். தலைப்பக்கம் அளவான ஒரு துளை. வால்பக்கத்தில் துளை இல்லை.

"முள் எங்கே மாட்டுவது ஐயா?" என்றேன்.

"அது தண்ணீரில் ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் தம்பி."

ரயில் பாதையோர நண்பரே, ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்தப் பாறைக்கு வருகிறேன். நைலோன் நார் கொண்டுவர வேண்டாம், இந்தத் தகட்டில் கட்ட இடமில்லை.