பொருள்: விதையில் ‘மெக்கானிக்கல் டேமேஜ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுமத்தாருக்கு,
பயறு விதை உற்பத்தி செய்யும் உழவர்களுக்கான கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெரிக் குளோரைடு சோதனைப் பக்கத்தில் நிற்கிறேன். 20 சதவீதக் கரைசலில் விதையைப் போட்டு 15 நிமிடம் விட்டால், தோல் விரிசல் விட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். அந்தக் குறைக்கு ‘இயந்திரச் சேதம்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த உழவர், “மெஷின் ரிப்பேரா?” என்று கேட்டார். சொல் தாருங்கள்.

> மெஷின் ரிப்பேரா?
அவர் கேட்டது நியாயம். களத்தில் கழியால் ஓங்கி அடித்தாலும், மூட்டையை லாரியிலிருந்து வீசினாலும் இதே விரிசல்தான். சோயா அதிகம் காய்ந்திருந்தால், கதிரடிக்கும் இயந்திரத்தின் உருளை அடிக்கும்போது தோல் வெடிக்கும். ஈரம் மிகுந்தால் உள்ளே நசுங்கும். ஒரே சொல் இரண்டையும் தாங்க வேண்டும். பூச்சி குடைந்ததற்குச் ‘சொத்தை’ இருக்கிறதே, அந்த மாதிரி.

சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஊறுபாடு. 945ஆம் குறளில் வருகிறது. உறு என்பது ஊறு ஆனது முதனிலை திரிந்த தொழிற்பெயர்; படு, பாடு ஆனதும் அப்படியே. ஐம்புலன்களை எண்ணும்போது ஊறு என்றால் தொடுவுணர்வு. ஒன்றின்மேல் ஒன்று படுவதும் அதனால் வரும் கேடும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. சேதம் வடசொல், அது பொருளுக்கு ஆவது. விதைக்கு உயிர் இருக்கிறது ஐயா.

இலக்கணத்தில் மறுப்பில்லை. ஆனால் வகுப்பில் “ஊறுபட்ட விதையை ஊறவைக்கவும்” என்று சொல்லிப் பாருங்கள். சோயாவை ஹைப்போகுளோரைட் என்ற வெளுப்புக் கரைசலில் போட்டால் தோல் கிழிந்த விதைதான் முதலில் ஊறிப் பருக்கும். ஊறுவதால் ஊறு என்றே பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். ‘அடிகாயம்’ என்றால் விளக்கவே வேண்டாம்.

அந்த ஊறு வேறு வேர், இந்த ஊறு வேறு வேர். காயம் மட்டும் தெளிவா? உடம்பும் காயம், பெருங்காயமும் காயம்.

சமையலறைக்குப் போய்விட்டோம். எனக்கு வேறொரு கவலை. வெளியே கீறலே தெரியாத விதையும் உண்டு. விதையின் உயிர்ப்பைச் சோதிக்கும் டெட்ரசோலியம் கரைசலில் உயிருள்ள திசு சிவக்கும். பார்வைக்கு முழுதாக இருந்த பயறு ஒன்றைப் பிளந்தால், முளைக்கருவின் ஓரம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அறுவடை முடிந்த கையோடு இத்தகைய விதை முளைத்துவிடலாம். அடுத்த பருவம்வரை வைத்திருந்தால், சான்று விதைக்குச் சோயாவில் கேட்கும் 70 சதவீத முளைப்புக்கும் கீழே இறங்கக்கூடும். இதற்கு ‘ஊமைக்காயம்’ எப்படி?

அருமை அம்மா! என் பாட்டி விழுந்தபோது வைத்தியர் சொன்ன சொல் அதுதான். அப்புறம், வித்திலைகள் விரிந்தும் நடுவில் குருத்தில்லாமல் நிற்குமே, அந்த நாற்றை ‘மொட்டை நாற்று’ எனலாமா?

தயவுசெய்து அதைத் தனி இழையாக எழுதுங்கள். எண்ணிப் பார்த்தேன்: அடிகாயத்துக்கு நால்வர், ஊறுபாட்டுக்கு இருவர். அடிகாயம், ஊமைக்காயம் இரண்டையும் அச்சுக்கு அனுப்புகிறேன். கறுப்பு உளுந்தில் கறுத்த இடம் கண்ணுக்குத் தெரியாது என்ற குறிப்பையும் சேர்த்துவிட்டேன். நன்றி.

ஊமைக்காயத்தை ஏற்கிறேன். அடிகாயத்தை ஏற்கவில்லை. கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் ஊறுபாட்டுக்கும் ஒரு வரி இடம் கொடுங்கள்.